ஒரே கட்டத்தில் இரண்டு கையெழுத்து

ஸ்கோகன், விஸ்கான்சின்
செப்டம்பர் 12

அன்புள்ள தம்பி ஆர்லனுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாம். போனில் நாம் இரண்டு நிமிடம் தாண்டினால் கத்த ஆரம்பித்துவிடுவோம். நாலு வருஷமாக அந்தக் கத்தலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உன் கட்சியிடமிருந்து ஒரு தாள் வந்தது. எங்கள் வாக்குச்சாவடியில் உட்காரும் அலுவலர்களில் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டார், அந்த இடத்துக்கு வேறு பெயர் தருகிறோம் என்று. பெயரைப் பார்த்தேன். ஆர்லன் ஹெக்லண்ட். இந்தக் கவுன்டியில் அந்தப் பெயரில் இன்னொருவர் இல்லை.

ஊர்த் தேர்தலை நடத்தும் டவுன் கிளார்க் என்ற முறையில் அதை நான் மறுக்க முடியாது. மறுக்கவும் மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களாக உன் பெயரைக் கொடுத்தார்களா, நீயாகக் கேட்டாயா?

ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன அதிபர் தேர்தலில் எங்கள் சாவடிக் கணக்கு இரண்டு ஓட்டு உதைத்தது. அது முடிந்து நடந்த ஊர்க் கூட்டத்தில் நீ எழுந்து நின்று, "அக்கா, அந்த ரெண்டு ஓட்டு எங்க போச்சு?" என்று கேட்டாய். வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். நீ கேட்டதும் வாய் வரவில்லை. வாய் வராததையே எல்லாரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

உன் அக்கா,
மாரிட்

*

பைன் ரிட்ஜ்
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். முழங்கால் பரவாயில்லை. மாடுகளை விற்ற பிறகு பள்ளி பஸ் ஓட்டுகிறேன். கிளட்ச் இல்லாத வண்டி கொடுத்தார்கள்.

பெயரை நானாகத்தான் கொடுத்தேன். கண்ணால் பார்க்க வேண்டும். உன்னை நம்பவில்லை என்று எழுதினால் கோபப்படுவாய், நம்புகிறேன் என்று எழுதினால் பொய். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பஸ் இல்லாத நேரத்தில் கட்சிக்காக வீடு வீடாகக் கதவு தட்டுகிறேன். டிவியில் இந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று சூட் போட்டவர்கள் வரைபடத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். மில்வாக்கியில் எத்தனை பேர் வெளியே வருவார்கள், மேடிசன் மாணவர்கள் எத்தனை பேர், புறநகர்ப் பெண்கள் மனம் மாறினார்களா என்று. இருக்கட்டும். நான் கதவில் பார்த்தது வேறு. ஒருத்தி போன தடவை எங்களுக்குப் போட்டாள், இந்தத் தடவை இல்லையாம். இன்சுலின் விலை. ஒருவன் நேர்மாறாக எங்கள் பக்கம் வந்திருக்கிறான். நூற்றிருபது மாடு வைத்திருந்தவன், இப்போது கொட்டகை காலி. இன்னொருவர் எழுபது வயதுக்காரர், வாழ்க்கையில் ஓட்டே போட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலையே" என்றார்.

அந்த ஆள் யாருக்குப் போடுவார் என்று கேட்காமல் வந்துவிட்டேன். எங்கள் பகுதிக் கட்சித் தலைவர் டுவேன் கோபிட்ஸ்கி அதற்குத் திட்டினார்.

தம்பி,
ஆர்லன்

*

ஸ்கோகன்
அக்டோபர் 15

அன்புள்ள ஆர்லன்,

உன் நேர்மைக்கு நன்றி. வலித்தது, ஆனாலும் நன்றி.

பயிற்சித் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து படி. நீ டிராக்டர் வாங்கியபோதுகூடக் கையேட்டைப் படிக்காதவன். உனக்கு வாக்காளர் பதிவேட்டு வேலை கொடுத்திருக்கிறேன், K முதல் Z வரை. பெயரைச் சொல்லச் சொல், அடையாள அட்டையைப் பார், அவர்கள் வரியைக் காட்டிக் கையெழுத்து வாங்கு, வரிசை எண்ணை எழுது. அவ்வளவுதான். அரட்டை அடிக்காதே.

தேர்தல் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் உன்னுடையதைவிடச் சின்னவை. மேற்குக் கரைப் பாலத்தை மராமத்துக்காக மூடியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து நாற்பது வீட்டுக்காரர்கள் பதினெட்டு மைல் சுற்றி வர வேண்டும். அவர்கள் வருவார்களா என்பதுதான் இப்போது என் கவலை, யாருக்குப் போடுவார்கள் என்பதில்லை. தபாலில் வாக்குச் சீட்டை அனுப்பச் சொல்லி ஒவ்வொருவருக்கும் கார்டு எழுதினேன். அதில் பாதிப் பேர் உன் கட்சி. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, உன்னிடம் மட்டும்.

கதகதப்பாக உடுத்திக்கொண்டு வா. டவுன் ஹாலின் ஹீட்டர் பாதி நேரம்தான் வேலை செய்யும்.

மாரிட்

*

பைன் ரிட்ஜ்
நவம்பர் 10

அன்புள்ள அக்கா,

தேர்தலன்று நேரில் சொல்லாததை எழுதுகிறேன். நாள் முழுக்க உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்குச் சீட்டை இயந்திரத்தில் போடத் தெரியாமல் நின்ற பெரியவரிடம் இரண்டடி தள்ளி நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வழி சொன்னாய். அவர் யாருக்குப் போட்டார் என்பது உன் கண்ணில் தவறியும் பட்டுவிடக் கூடாது என்று. அப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒருவர் என் அக்கா.

ஆனால் கடைசியில் அந்தக் கணக்கு. இயந்திரம் 612 சீட்டு என்கிறது. பதிவேட்டில் 611 பேர். இரண்டு தடவை வரி வரியாக எண்ணினோம். நீ அப்படியே அறிக்கையில் எழுதினாய், எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது மாநிலம் முழுக்க எங்கள் ஆள் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டில் பின்தங்கியிருக்கிறார். டுவேன் பென்சிலை எடுத்து, மாநிலத்து வார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார். வார்டுக்கு ஒரு ஓட்டு. "உங்க ஊர்ல அதிகமா இருக்கிற அந்த ஒண்ணு இருக்கே, அது மாதிரி எல்லா ஊர்லயும் இருந்தா?" என்று என்னைக் கேட்டார். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஆர்லன்

*

ஸ்கோகன்
நவம்பர் 16

ஆர்லன்,

மறு எண்ணிக்கை கேட்டிருக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டேன். நல்லது, எண்ணட்டும். எண்ணுவதற்கு நான் எப்போதும் பயந்ததில்லை.

ஆனால் நேற்று கவுன்டி அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்கோகனில் இரண்டாவது அதிபர் தேர்தலாகக் கணக்கு உதைக்கிறது, அந்த கிளார்க்கை விலக்க வேண்டும் என்று டுவேன் கோபிட்ஸ்கி மனு கொடுத்திருக்கிறாராம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயர்களைக் காட்டவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் பெயர் இருந்தால் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இல்லாவிட்டால், சந்தேகப்பட்டுத் தேடினேன் என்றாகிவிடும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். கணக்கு இப்படியே சரிவராமல் இருந்தால், மறு எண்ணிக்கையில் 612 சீட்டையும் கலந்து, கண்ணால் பார்க்காமல் ஒன்றை உருவி விலக்கி வைத்துவிடுவார்கள். சட்டம் அப்படி. அது யாருடையதாகவும் இருக்கலாம். உன் கதவு தட்டலில் கிடைத்த அந்த எழுபது வயதுக்காரர் மாதிரி, எங்கள் ஊரிலும் முதல் தடவையாக ஓட்டுப் போட்டவர்கள் ஒன்பது பேர்.

மாரிட்

*

பைன் ரிட்ஜ்
நவம்பர் 19

அக்கா,

மனுவில் என் பெயர் இல்லை. கேட்டார்கள், போடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல இப்போது யோக்கியதை இல்லை.

நேற்று மதியம் பஸ்ஸைப் பள்ளி வாசலில் நிறுத்திக் காத்திருந்தேன். ஸ்டென்ஸ்ருட் வீட்டுப் பேரப்பிள்ளை ஏறினாள். "தாத்தா உங்கள விசாரிச்சாரு" என்றாள். அப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. தேர்தலன்று காலை பத்து மணிக்கு வெர்ன் ஸ்டென்ஸ்ருட்டும் மகனும் சேர்ந்து வந்தார்கள். மகன் பெயரும் வெர்ன். பதிவேட்டில் அடுத்தடுத்த வரி. பெரிய வெர்ன் தன் மாடுகளை விற்றுவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி மாடு லாரியில் ஏற மறுத்ததாம், அவரே கயிற்றைப் பிடித்து ஏற்றிவிட்டாராம். பதிவேட்டை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஏற்றிவிட்டவன்தானே. அப்பா கையெழுத்துப் போட்டார். மகனுக்கும் அதே கட்டத்தைக் காட்டினேன். அவன் கீழே நெருக்கிப் போட்டான். ஒரே எண். அவனுடைய வரி காலி.

வரி வரியாக எண்ணினால் 611தான் வரும். தப்பு என்னுடையது. நீ அரட்டை அடிக்காதே என்று எழுதியிருந்தாய்.

டுவேனிடம் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "உனக்கு சரியா ஞாபகமில்லைன்னு சொல்லு, போதும். பொய் சொல்லச் சொல்லல" என்றார். இருபது வருஷ நண்பர். என் மாடுகளை விற்ற வாரம் தினமும் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தவர் அவர்தான். என்ன செய்யட்டும் என்று எழுது.

ஆர்லன்

*

ஸ்கோகன்
நவம்பர் 21

ஆர்லன்,

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லி நீ பேசினால் அது என் பேச்சாகிவிடும். பதிவேடு சீல் வைத்துக் கவுன்டியில் இருக்கிறது. மறு எண்ணிக்கையில் எங்கள் ஊர் முறை 26ஆம் தேதி. என்னைக் காலையில் விசாரித்து அனுப்பிவிடுவார்கள். சாவடி அலுவலர்களை மதியம் கூப்பிடுவார்கள்.

இரண்டு வெர்ன்களுக்கும் அடுத்தடுத்த வரி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எச்சரிக்கைக் குறி வைக்காதது என் தப்பு. பெயர் சொல்லாமல், அந்தத் தப்பை மட்டும் காலையில் நான் சொல்லிவிடுகிறேன்; கட்டத்தில் நடந்தது நீ பார்த்தது, அதைச் சொல்வதும் சொல்லாததும் உன்னிடம்.

அக்கா

*

பைன் ரிட்ஜ்
நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நடந்ததை உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

மூன்று பேர் மேசையில். கவுன்டி கிளார்க் திருமதி பாவுமன் நடுவில். இந்தப் பக்கம் எதிர்க்கட்சி வழக்கறிஞர், அந்தப் பக்கம் எங்கள் வழக்கறிஞர், பின்னால் டுவேன். 612 சீட்டும் மேசையில் குவிந்திருந்தது. ஒன்றை உருவுவதற்குத் தயாராக ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டிவிட்டாள். சாவடி அலுவலர்கள் எங்களை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிட்டார்கள் போல. நான் எழுந்துவிட்டேன். "அம்மா, அத எடுக்க வேண்டாம். பதிவேட்டைத் திறங்க. ஸ்டென்ஸ்ருட்னு இருக்கிற பக்கம்" என்றேன்.

திறந்தார்கள். இருந்தது, அக்கா. ஒரே கட்டத்தில் இரண்டு கையெழுத்து. கீழே இருந்தது எறும்பு மாதிரி. வெர்ன் மகனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஓட்டுப் போட்டேன் என்றான். இரண்டு வழக்கறிஞர்களும் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தார்கள். 612க்கு 612.

டுவேன் பின்னாலிருந்து மெதுவாக, "நீ யாரு பக்கம்டா?" என்றார். "அந்த நாற்காலில உக்காந்திருந்தது நான். தப்பு செஞ்சதும் நான்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருவார் என்று நினைக்கிறேன். வராமலும் போகலாம்.

உட்காரச் சொன்னார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. "இன்னொண்ணு சொல்லணும். நாலு வருஷம் முன்னாடி ரெண்டு ஓட்டு எங்க போச்சுன்னு எங்க அக்காவ ஊர் முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டேன். எங்க போயிருக்கும்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றேன்.

திருமதி பாவுமன் கண்ணாடியைக் கழற்றினார். "அது இன்னைக்கு விஷயம் இல்லைங்க" என்றார். பேனாவை எடுத்து, "ஆனாலும் எழுதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் ஆள் தோற்றுவிடுவார். எல்லா ஊரும் எண்ணி முடிக்கும்போது நூறு ஓட்டுகூட மாறாது என்கிறார்கள். எனக்கு வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் வயிறு பசித்தது. ஒரு வாரமாகப் பசியே இல்லாமல் இருந்தேன். எதிர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும்படிதான் அடித்திருக்கிறேன்.

உன் தம்பி,
ஆர்லன்

*

ஸ்கோகன்
டிசம்பர் 3

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.

மறு எண்ணிக்கை முடிந்துவிட்டது. மாநிலம் முழுக்கச் சேர்த்து எழுபத்தொரு ஓட்டு மாறியது. என் ஆள் ஜெயித்தார். உன் மனம் என்ன பாடுபடும் என்று தெரியும், அதனால் கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனுவையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை மளிகைக் கடையில் கோர்டன் ரூஸ்டைப் பார்த்தேன். அந்த ஊர்க் கூட்டத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடும் மனிதர். திரும்பவில்லை. தள்ளுவண்டியை நிறுத்தி, "உங்க தம்பி சொன்னதக் கேட்டேன், மாரிட்" என்றார். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் எந்த வெண்ணெய் நல்லது என்று கேட்டார். நானும் பத்து நிமிடம் வெண்ணெயைப் பற்றிப் பேசினேன். காருக்கு வந்து சாவியைப் போட்டேன், திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷமாக அந்தக் கடைக்குள் எவ்வளவு இறுக்கமாக நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நீ நினைத்ததில் ஒன்றைத் திருத்த வேண்டும். போன தடவை அந்த இரண்டு ஓட்டு எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னுடையது மாதிரி ஏதாவது நடந்திருக்கலாம். வேறு விதமாகவும் இருக்கலாம். தெரியாது என்பதை அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டது தப்பான கேள்வி இல்லை, ஆர்லன். கேட்ட பிறகு என்னுடன் வீட்டுக்கு வராமல் போனாயே, அதுதான்.

சனிக்கிழமை கிறிஸ்துமஸுக்கு லெஃப்சா ரொட்டி சுடப் போகிறேன். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து வைத்திருப்பேன். உனக்கு உருட்டத் தெரியாது, ஓட்டையும் கிழிசலுமாக வரும். பரவாயில்லை, நான் உருட்டிக்கொள்கிறேன். கல்லில் போட்டதைக் குச்சியால் திருப்ப ஓர் ஆள் வேண்டும். நாலு வருஷமாக இரண்டையும் நானே செய்து பாதியைக் கருக்கிவிடுகிறேன்.

பத்து மணிக்கு வா. கருகாததை முதலில் நீ சாப்பிடலாம்.

உன்
மாரிட் அக்கா