மண்டபத்து விளக்குகள்

கெய்ரோ,
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து

என் செல்ல மகள் லமீஸுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அந்த ஹாம்பர்க் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துஆ. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று தினமும் கொய்யா வாங்கப் போகிறார், வீடே கொய்யா வாசனை. நீ போனில், "இந்த வயசுல எதுக்கும்மா இந்தத் தலைவர் பதவி, விட்டுட்டு நிம்மதியா இரேன்" என்று கேட்டாயே, அன்றைக்கு லைன் சரியில்லாமல் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். மலைமேல் எங்கள் வானாய்வுக் கூடத்தில் நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நான் பொறுப்பேற்ற கொஞ்ச நாளில் நம் மலையடிவாரத்தில் சூயஸ் சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் திறந்தார்கள். கூரையில் நான்கு பெரிய விளக்குகள், கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டே இருக்கும். பூமிக்குப் பக்கமாக வந்துபோகும் விண்கற்களைத்தான் எங்கள் குழு பார்க்கிறது, அவை மினுக்கென்று கூடத் தெரியாத பொட்டுகள். அந்த விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படமெல்லாம் வெள்ளைக் கோடாக விழுந்தது. மேலிடத்திலிருந்து, குளிர்காலம் முடிவதற்குள் உருப்படியான படம் வராவிட்டால் தொலைநோக்கியை மூடிவிட்டுக் குழுவைப் பிரித்து நகர அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மனு மேல் மனுவாக அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்கள் குழுவில் வாஇல் என்று ஒருவன், கண்ணாடி, விளக்கு, லென்ஸ் என்றால் அவனை மிஞ்ச ஆளில்லை, வாய்தான் நெருப்பு. எல்லார் முன்னாலும், "டாக்டர், நீங்க எங்களுக்குத் தலைவரா, தபால்காரரா?" என்று கேட்டுவிட்டான். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் கேட்டது நியாயம்தானே.

மறுநாளே அவனையும் தஸ்னீமையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். தஸ்னீம் போன வருடம் சேர்ந்தவள், சாதுவான பெண். மண்டபத்துக்காரி நிஅமத் ஹாஜியம்மா கணவரை இழந்தவள், சமையல்கட்டில் சூப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "ரோட்டுல போறவன் அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் வண்டியை நிறுத்துறான். உங்க நட்சத்திரம் எனக்கு ஒரு கல்யாணம் புடிச்சுத் தருமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாஇல் சட்டம், அபராதம் என்று ஆரம்பித்துவிட்டான், அவள் கரண்டியை நீட்டி வாசலைக் காட்டினாள். நான் அவனுக்காக மன்னிப்புக் கேட்டு, "ஒருநாள் மேல வாங்க ஹாஜியம்மா, நாங்க என்ன பாக்குறோம்னு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் திராட்சை இலையில் சோறு சுருட்டின பெரிய பாத்திரத்தோடு மூச்சு வாங்க வந்து நிற்கிறாள்! இருட்டியதும் தஸ்னீம், மண்டபம் வருவதற்கு முன் எடுத்த படத்தைத் திரையில் போட்டு ஒரு பொட்டைக் காட்டினாள். "இது நம்ம தலையில விழுமாடி?" என்று கேட்டாள் ஹாஜியம்மா. "விழாதும்மா." "அப்புறம் எதுக்கு ராத்திரியெல்லாம் முழிக்கிறீங்க?" "விழாதுன்னு நிச்சயமாச் சொல்லணும்ல, அதுக்குத்தான்" என்றாள் தஸ்னீம். ஹாஜியம்மா வெளியே போய்க் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று கீழே பார்த்தாள். "ஏம்மா, வெளிச்சம்தான் கண்ணைக் குத்துது, என் மண்டபத்தையே காணோமே! அவ்வளவு செலவழிச்சுப் பளிங்கு பதிச்சேனே!" என்றாள். வாஇல் அவள் பக்கத்தில் போய், மெல்ல, "விளக்கைக் கீழ திருப்பினா உங்க பளிங்குதான் மின்னும் ஹாஜியம்மா. நானே செஞ்சு தரட்டுமா?" என்று கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிடு, கோவக்காரா" என்றாள்.

அரசாங்க ஊழியர்கள் தனியார் மண்டபத்தில் ஏணி போட்டு ஏறினால் நாளைக்கு விளக்கம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும் மகளே. கேட்டால் நான் அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று எல்லாரையும் அனுப்பினேன். தகரத்தை வளைத்து விளக்குகளுக்கு மறைப்புப் போட்டார்கள், தஸ்னீமுக்குக் கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். அன்றைக்கு எடுத்த படத்தில் வானம் கரிய பட்டு மாதிரி இருந்தது. காணாமல் போயிருந்த ஒரு கல்லை மறுபடி பிடித்துவிட்டோம், வாஇல் கைதட்டிவிட்டு, அழுகை வந்ததை மறைக்கத் தேநீர் போடப் போய்விட்டான். மேலிடம் ஒரு வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறது, முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஏணிக்கு விளக்கமும் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹாஜியம்மா உன் தங்கை கல்யாணம் அங்கேதான் என்று முடிவே செய்துவிட்டாள், உன் தங்கையிடம்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

இப்போது அதே சாலையில் பெட்ரோல் பங்க் ஒன்று வரப்போகிறதாம், அதன் விளக்குகளும் வானத்தைப் பார்த்துத்தானாம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாஇல் போய் முதலாளியோடு தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறான். "முறைக்கிறாரு டாக்டர். நாளைக்குத் திரும்பப் போறேன், தஸ்னீமும் வர்றா. நீங்க வர வேணாம்" என்றான். லமீஸ், முப்பது வருட வேலையில் யாரும் என்னை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை.

இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. உன் அத்தை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வாழ்த்துச் சொல்ல மறந்துவிடாதே, அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். ஆண்டவன் உன் கைகளுக்குப் பலமும் உன் நோயாளிகளுக்குச் சுகமும் தரட்டும், நீ கால் வைக்கும் இடமெல்லாம் நல்லவர்கள் கண்ணில் படட்டும்.

உன்னை நெஞ்சோடு அணைத்து முத்தமிடும்
அம்மா இன்ஆம்