மதினி வடித்த விஸ்கி

மதினி,

இன்று காலை குசினிக்குள் கால் வைத்ததும், "யாரு இங்க விஸ்கி போடுறது?" என்று கேட்டுவிட்டேன். மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பேரனுக்குக் கஞ்சி மா அரைப்பதற்காக, முளைவிட்ட குரக்கனைச் சுளகில் பரப்பி அடுப்படிச் சூட்டில் காயவைத்துக்கொண்டிருந்தாள், பாவம். "மாமாவுக்கு வரவர என்னமோ ஆகுது" என்று பிறகு என் மகனிடம் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. விழட்டும். அந்த ஈர முளையின் மணம் மூக்கில் ஏறியதும் நான் நம் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கே போய்விட்டேன். வேலையால் வந்து, வெள்ளைச் சீருடையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரச் சாக்கை விரித்து முளை எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பீர்களே, அந்தக் கோலத்தில் உங்களைக் கண்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேச ஆளில்லாமல் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் அப்போது மூன்று பேர்தான். அண்ணன் கண்டி மார்க்கெட்டுக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டினார். நீங்கள் பெரியாஸ்பத்திரியில் கண் வார்டு நர்ஸ், ஊர் வாயில் மிஸி. கல்யாணம் ஆகாத நான் கந்தோரில் கிளார்க், வீட்டில் உங்களை வம்புக்கு இழுப்பதே முழுநேர வேலை. பாணுக்கும் கியூ, துணிக்கும் கியூ என்றிருந்த காலம் அது. அண்ணன் கியூ இல்லாத ஒரே இடத்துக்குப் போனார். கசிப்பு என்று கள்ளச் சாராயம் விற்கிறவனிடம்.

ஒருநாள் நீங்கள் வார்டிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கெட்டுப்போன கசிப்பைக் குடித்த ஒரு தோட்டத்து ஆளை அன்று கொண்டுவந்திருந்தார்களாம். காலையில் எழும்பி, "ஏன் இன்னும் விடியல?" என்று கேட்டிருக்கிறான். சம்சாரம் விளக்கைப் பொருத்தி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். அப்போதும் அதையே கேட்டானாம். நீங்கள் இதைச் சொல்லச் சொல்ல அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நான் குடிக்கிறது நல்ல எடத்துச் சரக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியம் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

நீங்கள் சத்தியமெல்லாம் கேட்கவில்லை. "யாரையும் திருத்துறதுக்கு நான் பொறக்கல, கொழுந்தனாரே. இவரு குடிக்கத்தான் போறாரு. ஆனா இவரு கண்ணு எனக்கு வேணும். குடிக்கிறத நானே வடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றீர்கள்.

"ஏன் மதினி, மிஸி வேலைய விட்டுட்டு தவறணை தொறக்கப் போறீங்களா?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

கசிப்பு மாதிரி ஏதோ ஒன்றைக் கொடுத்தால் அண்ணன் ஏமாறமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளி மகள் கல்யாணத்தில் யாரோ அவருக்கு ஒரு வாய் வெளிநாட்டு விஸ்கி ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, "விஸ்கின்னா அது விஸ்கி! தொண்டையில எறங்குறதே தெரியாது" என்று தினமும் அதே பாட்டுத்தான். விஸ்கி என்றால் என்ன, முளைக்கவைத்த தானியத்தில் வடிப்பதுதானே என்று நீங்கள் விசாரிக்கத் தொடங்கினீர்கள். அதையும் யாரிடம் போய் விசாரித்தீர்கள்! வார்டில் கண் ஒப்பரேசன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த பேராதனைக் கம்பஸ் ரசாயன மாஸ்டரிடம். அந்த யாழ்ப்பாணத்து மனுஷன் தலையை அசைக்கக்கூடாது. ஆனால் இரண்டு கையாலும் காற்றில் பானையும் குழாயும் வரைந்து காட்டினாராம்.

"கொதிதண்ணி விடாதேங்கோ பிள்ளை, முளையிலை இருக்கிற சத்து செத்துப்போம். கை பொறுக்காத சூடு, அவ்வளவுதான். முதல் வாறதையும் குடியாதேங்கோ, கடைசியா வாறதையும் குடியாதேங்கோ. நடுவிலை வாறதுதான் விஸ்கி."

நீங்கள் அந்த மாஸ்டர் மாதிரியே பேசிக் காட்டியபோது நான் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு நம் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. முளைவிட்ட குரக்கனையும் சோளத்தையும் ஆலையில் கொடுத்து அரைத்து வருவது என் பங்கு. "பிள்ளைக்குக் கஞ்சி மாவா?" என்று ஆலைக்காரர் கேட்டார் என்று வந்து சொன்னேன். "ஆமான்னு சொல்லுங்க. வீட்ல ஒரு பெரிய பிள்ளை இருக்கு" என்றீர்கள். அந்த மாவைச் சுடுநீரில் கரைத்து, இனிப்பு ஏறியதா என்று விரல் நுனியால் ருசி பார்த்து, ஆறவைத்து, பேக்கரியிலிருந்து வாங்கிவந்த ஈஸ்ட்டைப் போட்டு மூடுவீர்கள். சில நாளில் அது குமிழிவிட்டுப் புளித்து அடங்கும். வடிகட்டிப் பானையில் ஊற்றி, பிசைந்த கோதுமை மாவால் மூடியைச் சுற்றி அப்பி, செப்புக் குழாயை வாளித் தண்ணீருக்குள் சுற்றிவிடுவீர்கள். அண்ணனுக்கு வாசல் படலையில் காவல். வாசம் வெளியே போகாமலிருக்கப் பக்கத்து அடுப்பில் கருவாடு பொரிப்பது என் வேலை. கருவாட்டைத் தின்று தின்றே எனக்கு வெறுத்துப்போனது. அடுத்த வீட்டுச் சிங்கள நோனா, நம்மைப்போலக் கருவாட்டுப் பைத்தியங்களைக் கண்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

விளையாட்டில்லை என்பது மூவருக்கும் தெரியும். பிடிபட்டால் மதுவரிக்காரர்கள் வழக்குப் போடுவார்கள். அரசாங்க மிஸியின் வேலை அன்றோடு சரி. அப்படியிருந்தும் நீங்கள் எதையும் அவசரப்படுத்தியதில்லை. குழாய் முனையில் முதல் சொட்டு விழுந்ததும் குனிந்து மோந்து, முகத்தைச் சுளிப்பீர்கள். பெயின்ட் கழுவுகிற தின்னர் மாதிரி மூக்கைக் குத்தும். அதைத் தனிப் போத்தலில் பிடித்து ஒதுக்கிவிடுவீர்கள். பிறகு வாசம் மாறும், பாண் சுடும்போது வருகிற மாதிரி. அப்போது உங்கள் முகம் மலர வேண்டுமே! கடைசியில் ஈரத் துணி நாற்றம் வந்ததும், நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அடுப்பை அணைத்துவிடுவீர்கள். நடுவில் பிடித்ததில், பழைய சாராயப் பீப்பாய்ப் பலகைத் துண்டைத் தீயில் வாட்டிப் போட்டு, மாதக்கணக்கில் ஜாடியைத் திறக்கவிடவில்லை. திறந்தபோது அது வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "தொண்டையில எறங்குறதே தெரியல" என்றார். உங்களுக்கு அதைவிடப் பெரிய பட்டம் எந்தக் கம்பஸும் கொடுத்திருக்க முடியாது.

வார்டு மருந்துக் கிளாசைப்போன்ற ஒன்றில்தான் அளந்து கொடுப்பீர்கள். "என்னம்மா இது, காய்ச்சலுக்குக் குடுக்குற மாதிரி!" என்று அவர் தினமும் முறைப்பாடு வைப்பார். ஆனால் பொழுது சாய்ந்தால் லொறி நேராக வீட்டுக்கு வந்தது. கசிப்புச் சந்துப் பக்கமே திரும்பவில்லை. ஊரில் ஆயிரம் பெண்கள் புருஷன் குடிக்கிறான் என்று அழுதுகொண்டிருந்தார்கள். அழாமல் அடுப்பை மூட்டியது நீங்கள் ஒருவர்தான். அப்போதே அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், கிண்டல்தான் முந்திக்கொண்டு வந்தது.

இனி அந்த முனியாண்டி பூசைக்கு வருகிறேன்.

ஆற்றோரத்து முனியாண்டிக்கு லொறிக்காரர்கள் வருஷா வருஷம் பூசை போடுவார்கள். சேவல், சுருட்டு, போத்தல். அந்த வருஷம் போத்தல் அண்ணனின் பொறுப்பு. கடைச் சாராயம் வாங்கிப் படைக்க அவருக்கு மனம் வரவில்லை, வீட்டில் இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு! அதிலும் எதை எடுப்பது? முதல் சம்பளம் சாமிக்கு, முதல் காய் சாமிக்கு, பொங்கினால் முதல் அகப்பை சாமிக்கு என்று வளர்ந்தவர்கள் நாம். முதலில் வடிவதை நீங்கள் தனியாகப் பிடித்து அலுமாரிக்கு மேல் வைப்பதை அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நீங்களும் சாமிக்காகத்தான் எடுத்து வைக்கிறீர்கள் என்று நினைத்து, அதையே பூசைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், மனுஷன். குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆளாக இருந்தால், அது பிரைமஸ் ஸ்டவ் பற்றவைக்க நீங்கள் மருந்துக்கடை ஸ்பிரிட்டோடு கலந்து வைத்தது என்று தெரிந்திருக்கும்.

நீங்கள் பகல் வேலை முடிந்து சீருடையோடு நேரே கோவிலடிக்கு வந்தீர்கள். சூடம் காட்டி முடிந்து, படைத்த போத்தலிலிருந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாயிற்று. எல்லோர் கைக்கும் வந்த பிறகு, சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பது வழக்கம். அண்ணன் கையில் கிளாஸ். என் கையிலும் ஒன்று. நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள், மூக்கைச் சுளித்தீர்கள், சாமிக்கு முன்னால் இருந்த போத்தலைப் பார்த்தீர்கள். அடுத்த நிமிஷம் அண்ணன் கையிலிருந்த கிளாசைத் தட்டிவிட்டு, படையலிலிருந்த போத்தலை எடுத்துத் தரையில் கவிழ்த்துவிட்டீர்கள்.

"யாரும் வாயில வைக்காதீங்க!"

பூசாரிக்கு உடம்பெல்லாம் ஆடியது. "பொம்பள கை வச்சுட்டியே! சாமிக்குப் படைச்சதம்மா அது!"

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இவங்க பொண்டாட்டிமாருக்கு யாரு பதில் சொல்றது?"

சிலர் சிரித்தார்கள். குடிக்கிற இடத்துக்குப் பெண்சாதி வந்து சத்தம் போடுவது ஊரில் புதிதா என்ன? கிளாஸ்கள் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் சொன்னீர்கள். "இது கடைச் சரக்கு இல்ல. எங்க வீட்டுக் குசினியில நான் வடிச்சது. மொதல்ல வர்ற கழிவு, ஸ்டவ்வுக்கு ஸ்பிரிட் கலந்து வச்சது. இதக் குடிச்சவனோட கண்ண நான் வார்டுல பாத்திருக்கேன்." நம் ஆட்கள் கிளாஸை அப்படியே கீழே வைத்தார்கள்.

ஒருவர் மட்டும் வைக்கவில்லை. முனியாண்டிக்கு நேர்த்தி வைத்து வருஷா வருஷம் வருகிற ஒரு சிங்கள டிரைவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஓட்டுவது மதுவரிக் கந்தோர் ஜீப் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கிளாஸை உயர்த்தினார்.

"பொன்ன எபா, ஏக வஹ!" என்றீர்கள் சிங்களத்தில். குடிக்காதே, அது விஷம் என்று. அவர் இன்னும் நன்றாகச் சிரித்தார். கிளாஸ் உதட்டுக்குப் போய்விட்டது. நீங்கள் அவருக்கு நேராகப் போய் நின்றீர்கள்.

"மமய் ஹெதுவே, கெதர." நான்தான் வடித்தேன், வீட்டில். "எஸ் தெக்கம யனவா." இரண்டு கண்ணும் போய்விடும்.

அவருடைய சிரிப்பு நின்றது. உங்கள் வெள்ளைச் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். கிளாஸை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, தன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அண்ணன் குழந்தை மாதிரி விம்மினார். நான் பயத்தில் உங்களையே ஏசினேன். "தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. சாண் என்ன, மொழம் என்ன" என்றீர்கள். பொழுது இறங்குவதற்குள் குழாயை நெளித்துப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டோம். மிச்சமிருந்த ஜாடியை நீங்களே வாழையடியில் ஊற்றினீர்கள். ஜீப் பல நாள் நம் வீதியால் போனது, வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். அது ஒருநாளும் நிற்கவில்லை. அந்த மனுஷன் சொன்னாரா, சொல்லாமல் விட்டாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. அண்ணன் சம்பள நாளில் லைசன்ஸ் உள்ள தவறணைச் சாராயம் ஒரு போத்தல் வாங்கிவந்து, தன் கையாலேயே உங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கினார். நீங்கள் அதே கிளாசில் அளந்து கொடுத்தீர்கள். இந்த வயதிலும் அவர் தினமும் பேப்பர் வாசித்து, எல்லா மந்திரிகளையும் ஏசுகிறார்.

போன வருஷம் பேராதனை ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, இத்தனை காலம் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "மதினி, நம்ம ஆளுங்ககிட்ட சொன்னீங்க, சரி. அந்த ஜீப்காரன்கிட்ட போயி நான்தான் வடிச்சேன்னு ஏன் சொன்னீங்க? கிளாஸத் தட்டிவிட்டிருக்கலாம்ல?"

"தட்டிவிட்டா இன்னொரு கிளாஸ எடுப்பாரு. குடிக்கிறவருகிட்ட வெஷம்னு சொன்னா சிரிப்பாரு. வடிச்சவளே வந்து சொன்னாத்தான் நம்புவாரு."

"ஒங்க வேலை போயிருக்குமே! அந்தாளு நெனச்சிருந்தா நம்மள ஒரே நாள்ல உள்ள தள்ளியிருப்பான்."

உங்களுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் அந்தப் பழைய எரிச்சலோடு என் பக்கம் திரும்பினீர்கள். "தள்ளியிருக்கலாம். அதுக்காக, உங்க அண்ணன் கண்ணு மட்டும் கண்ணு, அவரு கண்ணு புண்ணா, கொழுந்தனாரே?"

எனக்கு நாக்கு நீளம், உங்களுக்குத் தெரியாததா? கியூவில் முந்துகிறவன், சில்லறை தராத பஸ்காரன், படலைக்கு முன்னால் குப்பை கொட்டுகிறவன், எல்லோரையும் ஏசாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் மதினி, "எக்கேடும் கெட்டுப் போகட்டும்" என்று ஒரு பேச்சு உண்டே, அது வாய் வரைக்கும் வரும்போதெல்லாம் நீங்கள் கட்டிலிலிருந்து திரும்பிக் கேட்டது வந்து குறுக்கே நிற்கிறது. அந்தப் பேச்சை அதன் பிறகு நான் ஒருவரைப் பார்த்தும் சொல்லவில்லை.