நிற்க வேண்டிய மெஷின்

ஐப்பசி 18, செவ்வாய்

கன்னத்தின் உள்ளே இருக்கும் வெள்ளைத் திட்டு புற்றுநோய்தானாம். ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. செல்கள் தாறுமாறாக வளர்ந்தால் தடுத்து நிறுத்தும் மரபணு எனக்குக் கெட்டுவிட்டதாம்.

"புரியுதுங்களா?"

"புரியுதுங்க. நூல் அறுந்தா நிட்டிங் மெஷின நிறுத்தற சென்சார் மாதிரிங்க" என்றேன்.

அவசர ஆர்டர் என்றால் அந்த சென்சாரை நானே ஆஃப் செய்துவிடுவேன். நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வேன். மெஷின் நிற்காமல் ஓடும். துணியில் விழுந்த ஓட்டை விடிந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சுமதி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"வெறும் புண்ணுதான் புள்ள, ஆறிப்போயிரும்" என்றேன்.

நம்பிவிட்டாள். எனக்காக மிளகாயே போடாமல் குழம்பு வைத்திருந்தாள்.

அப்படியும் எரிந்தது.