அம்மியில் இழுத்த புதினா

இன்று துவையலுக்கு அரைக்க உட்கார்ந்தேன். பூந்தமல்லிச் சந்தையில் வாங்கிய புதினா. முதல் இழுப்பிலேயே அந்த வாசனை எழும்பியது. கையை எடுத்துவிட்டேன். நம் கொல்லைப் புதினாவை நீங்கள் போன பிறகு நானே பிடுங்கி எறிந்துவிட்டேன். ஆனாலும் வாசனை விடவில்லை.

ஆவடி முகாமில் அமெரிக்கக் கேப்டன் துரைக்கு நீங்கள் பட்லர். அவர் ஊர் பர்பன் விஸ்கியில் சர்க்கரை, புதினா, ஐஸ் சேர்த்து ஒரு பானம் உண்டு. துரை கொடுத்த பாட்டிலை வைத்து, நம் சேக்காட்டு வீட்டு அடுப்படியில்தான் அதைப் பழகினீர்கள். இலையை நசுக்கக் கூடாதாம், கரண்டிக் காம்பால் லேசாக அமுக்க வேண்டுமாம். "கொயந்த கன்னத்த தொட்ற மாரி தொடணும், மே" என்பீர்கள். நமக்குக் குழந்தை இல்லை என்பது அப்போது உங்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ. நீங்கள் ஒரு சொட்டும் தொட மாட்டீர்கள். ருசி பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த கையோடு விஸ்கி ருசி பார்த்தவள் இந்தச் சேக்காட்டில் நான் ஒருத்திதான்.

துரைக்கு அசாமுக்கு மாற்றல் வந்தது. பானம் சரியாக வந்தால் உங்களையும் கூட்டிப்போவதாகச் சொல்லி, ஜீப்பில் நம் வீட்டுக்கே வந்தார். உங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கோ வேறு கணக்கு. ஜப்பான்காரனோடு சண்டை நடக்கிற பக்கம் போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள்? சாக்கில் சுற்றிய ஐஸை உடைக்க நீங்கள் கிணற்றடிக்குப் போனீர்கள். டம்ளரில் சர்க்கரையோடு அமுக்கி வைத்திருந்த புதினாவை வழித்து, காலையில் மிளகாய் அரைத்துக் கழுவாமல் விட்ட அம்மியில் வைத்து நன்றாக இழுத்தேன். மறுபடி டம்ளரில் போட்டேன். துரை துப்பிவிட்டுத் தனியாகப் போகட்டும் என்றுதான்.

அவசரத்தில் நீங்கள் கவனிக்காமல் ஐஸைப் போட்டு, விஸ்கியை ஊற்றி நீட்டினீர்கள். ஒரு வாய் குடித்ததும் துரைக்கு முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது. பிறகு மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உங்கள் முதுகில் தட்டினார். அடுத்த வாரமே ரயில்.

"இன்னிக்கு மட்டும் இன்னா மே புச்சா பண்ணேன்? பிரியலையே" என்று கேட்டீர்கள். நான் அம்மியைக் கழுவப் போய்விட்டேன்.

அசாமிலிருந்து வந்த ஒரே கடிதத்திலும் அதுதான். துரை தினம் அதையே கேட்கிறார், எப்படிச் செய்தும் அந்த ருசி வரவில்லை என்று. பதில் எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

சண்டை முடிந்தது, முகாமும் காலி. இப்போது சொல்கிறேன். அது உங்கள் கைப்பக்குவம் இல்லை. உங்களைப் போகவிடாமல் தடுக்கத்தான் அரைத்தேன். அரைத்து, நானே அனுப்பி வைத்தேன்.

துவையலை வழித்து வைத்திருக்கிறேன். ருசி பார்ப்பது என் வேலைதான். இன்னும் வாயில் வைக்கவில்லை.