வரி இருநூற்றுப் பன்னிரண்டு

இன்று காலையும் திரையில் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. ‘வரி 212. மச்சான், எதையோ மறைக்கிறே.’ நீ இறந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. குரோம்பேட்டை டயர் கடை மாடியில், நம் செய்தித் தளத்தில் ஒரு பக்கத்தை ஏற்றும்போதெல்லாம் நீ இதையே சொல்கிறாய்.

முடிச்சூர் மூழ்கிய அன்று, மீட்புப் படகுக்காரர்களின் போன் எண்கள் இருந்த பெட்டி, தளத்தின் பக்கத்தில் என் வெள்ளப் படத்தின் மேல் விழுந்தது. படம் தெரியட்டும் என்று, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி எழுதிப் பெட்டியை மறைத்தேன். வரியைப் பிறகு எடுத்துவிடலாம் என்று செய்தி சேகரிக்கக் கிளம்பியவன், மறந்தேன். பிற்பகலில் நனைந்து திரும்பியபோது ஒரு பெண்ணின் அழைப்பு.

“போட் நம்பர் போட்டுகீறோம்னு எழுதிகீது, நம்பரே இல்லியே சார். மாமனார் கீழ் வூட்ல கீறாரு.”

எண்களைப் படித்துச் சொன்னேன். பாதியில் லைன் கட்டானது. போனில் தெரிந்த அவள் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆசிரியர் கத்தியபோது நீ முந்திக்கொண்டாய். “என் கைத்தப்பு சார்.” பிறகு மாடிப்படியில் என்னிடம், “மூஞ்சத் தொடச்சிக்க மச்சான். என்னத் திட்டி அவருக்குப் பழக்கம். உன்னத் திட்டுனா நீ அழுதுடுவே.”

தண்ணீர் வடிந்ததும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்றை எழுதினாய். எழுத்துகள் வரும் ஒழுங்கைத் தேடும் ஒற்றை வரி. அந்தப் பெட்டியை மறைக்கும் கட்டளை எங்கிருந்தாலும் பிடித்து, சிவப்பில் உன் எச்சரிக்கையைக் காட்டும். என் பழைய 212-ஆம் வரியையோ நான் அழிக்கவில்லை. நிருபர் புத்தி, அடித்தது கோட்டின் அடியில் தெரிய வேண்டும். கணினி கண்டுகொள்ளாத கமென்ட் குறிகளுக்குள் போட்டு முடக்கியிருந்தேன். செத்த வரி எது, உயிருள்ள வரி எது என்று உன் தேடலுக்குத் தெரியாது. அதையும் பிடித்தது. தேடலைச் சரிசெய்யச் சொன்னேன் உன்னிடம்.

“கத்திகினு கெடக்கட்டும். நீ மறக்கிற ஆளு.”

இன்று திவ்யா, உன் இடத்தில் புதிதாகச் சேர்ந்த டிசைனர், எட்டிப் பார்த்தாள். “வெறும் கமென்ட்தான் அண்ணா, தேடல் பேட்டர்னை மாத்திடவா? யார் எழுதினது இந்த வரி? வெள்ளத்துல நம்பரை மறைச்சுட்டாராமே ஒருத்தர், அவரா?”

அலுவலகத்தில் அந்தக் கதை இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது.

“இல்லம்மா. நான்.”

எழுந்து போய் ஆசிரியரிடமும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இப்ப எதுக்குய்யா சொல்றே?”

திரும்பி வந்தபோது திவ்யா எதையும் மாற்றியிருக்கவில்லை. பக்கத்தை மறுபடி ஏற்றினேன்.

‘மச்சான், எதையோ மறைக்கிறே.’

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று உன்னிடம் சொல்லப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் எண் என் மேசை இழுப்பறையில், பழைய நோட்டில் இருக்கிறது. அவள் மாமனார் என்ன ஆனார் என்று கேட்க ஒருநாளும் அழைத்ததில்லை.