என் கல்யாணத்தில் நான் இல்லை

1974 பிப்ரவரி 11

கோவளத்திலிருந்து செங்கல்பட்டுக்கு இரண்டு பஸ். மாமா ஜெயினுலாபுதீன் கூட வந்தார். கோர்ட்டுக்கு எதிரே, வெளிநாட்டுக் காகித வேலை பார்க்கும் ஏஜெண்ட் தாண்டவராயன்.

என் வீட்டுக்காரர் பினாங்கில் ஜவுளிக்கடையில் இருக்கிறார். அங்கேயே தங்க அவருக்குக் கார்டு உண்டு. எனக்கும் கிடைத்தால்தான் சேர்ந்து குடித்தனம். நிக்காஹ் ஆகி ஆறு வருஷம். சேர்ந்து இருந்தது ஏழு மாசம்.

"கண்ணால போட்டோ கீதா?" என்றார் ஏஜெண்ட். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பதில்லை. "பேஜாரு" என்று சொல்லி அந்தக் கட்டத்தில் கோடு போட்டார்.

பிப்ரவரி 20

இண்டர்வியூவுக்கு ஏஜெண்ட் நாற்பது கேள்விகள் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார். ஏழாவது: உங்கள் கணவர் காலையில் குடிப்பது காப்பியா, டீயா? யோசித்தேன். தெரியவில்லை. கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் இண்டர்வியூ முடிந்துவிடும். டீ என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 14

மதராஸ். ஆபீஸர் பினாங்குக்காரர், பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர். நாற்பதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"நிக்காஹ் அன்னிக்கு நீங்க எங்க உட்காந்திருந்தீங்க?"

"எங்க வீட்டு உள்ரூம்ல. அவங்க பள்ளிவாசல்ல இருந்தாங்க. மாமாவும் ரெண்டு சாட்சியும் வந்து சம்மதம் கேட்டாங்க. தலையாட்டினேன்."

"அப்போ உங்க கல்யாணத்துல நீங்க இல்ல?"

"இல்ல."

எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 15

தாண்டவராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இப்டி சொல்லிட்ட? கண்ணாலத்துக்குப் பொண்ணே வர்லன்னா எவன் நம்புவான்?"

"நடந்ததத்தானே சொன்னேன்."

"அதான்மா பேஜாரே."

ஏப்ரல் 9

பதில் வந்துவிட்டது, அனுமதி இல்லை. திருமணம் நடந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அப்படியென்றால் ஆறு வருஷமாக நான் யார்? கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஈரத்துணி காயப்போட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 12

தாண்டவராயன் வழி சொன்னார். சர்க்கார் ஆபீஸில் கல்யாணத்தை ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர் வந்து ஒரு மாசம் இந்த ஜில்லாவில் இருக்க வேண்டும். பிறகு ஒரு மாசம் ஆபீஸ் போர்டில் நோட்டீஸ் தொங்க வேண்டும்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "மொதல்ல பண்ணது கெட்டா பூட்ச்சு?"

மே 3

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார்.

மே 26

முதல் சண்டை. மீன் குழம்பில் புளி போதவில்லையாம். நானும் விடவில்லை. இத்தனை வருஷமாகச் சண்டை போட எங்களுக்கு நேரமே இருந்ததில்லை.

ஜூன் 20

நோட்டீஸைப் பார்க்கப் போனோம். இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாமாம். பக்கத்தில் எருமை ஏல நோட்டீஸ். கூட்டமெல்லாம் அதற்குத்தான்.

ஜூன் 28

அவர் ஜூலை 5-க்குள் பினாங்கு திரும்பாவிட்டால் கார்டு ரத்து. இங்கே ரிஜிஸ்தர் ஜூலை 8. இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டு தாண்டவராயன் ஒரு விண்ணப்பம் டைப் அடித்து, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டிக் கொடுத்தார். "இன்னிக்கே தபால்ல போட்ருங்க, பாய்." அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கேட்டேன். "போட்டாச்சு" என்றார்.

ஜூலை 8

கையெழுத்துப் போட்டோம். இந்தத் தடவை நானும் இருந்தேன்.

ஜூலை 30

ரிஜிஸ்தர் சர்டிபிகேட்டோடு என் மனு மறுபடி போயிருக்கிறது. அவருடைய தவணைக்கு ஒரு பதிலும் வரவில்லை. அது வரும்வரை போக முடியாது என்று மாமாவின் கேளம்பாக்கம் கடையில் உட்காருகிறார். போன வேகத்தில் இரண்டு வாடிக்கை பிடித்துவிட்டார். மாமாவுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 12

தாண்டவராயனே கோவளத்துக்கு வந்தார். கையில் இரண்டு கடிதம்.

ஒன்று எனக்கு. பினாங்கில் கணவருடன் நிரந்தரமாக வாழ அனுமதி. முப்பது நாளைக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

மற்றது அவருக்கு. தவணை கேட்டு எந்த விண்ணப்பமும் வந்து சேரவில்லை, கார்டு ரத்து.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "தபால்ல தொலஞ்சிருக்கும்" என்றார், நிமிராமல்.

தாண்டவராயன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. நீ மொதல்ல போய்க்கினு, அங்கேர்ந்து இவுருக்கு அப்ளை பண்ணலாம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

செப்டம்பர் 13

அவர் கடைக்குப் போயிருக்கிறார். துவைக்கச் சட்டை எடுக்க அவர் பெட்டியைத் திறந்தேன். அடியில் விரித்த செய்தித்தாள் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே அந்த உறை. ஸ்டாம்பு ஒட்டியபடி, முத்திரை விழாமல்.

கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

என் சம்மதப் படிவத்தை எடுத்து வந்து, அந்த உறைக்குப் பக்கத்தில் வைத்து, செய்தித்தாளை மூடினேன்.