நாற்பத்தேழாம் கொக்கி

லிம்பர்க்,
மார்ச் 9

அன்புள்ள மிலேனா,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். ஹாலிஃபாக்ஸில் பனி குறைந்து, உன் இருமலும் குறைந்து, வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் வேலிச் செடியை வெட்டி முடித்துவிட்டுப் போகிறேன் என்கிறார், அதுவோ வெட்ட வெட்ட வளர்கிறது. பக்கத்து வீட்டு ஃபாத்மா, உம் பொண்ணு எப்பத்தான் வர்றா என்று கேட்டாள், அவ ஆராய்ச்சி பண்ற கடல்பாசியையே கட்டிக்கிட்டு அங்கேயே குடும்பம் நடத்துறா என்றேன், இரண்டு நாளாக அதையே சொல்லிச் சிரிக்கிறாள்.

பிள்ளைகளின் மன்றம் எப்படிப் போகிறது என்று போனில் கேட்டாய், நன்றாகப் போகிறது என்றேன். அது பொய். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய விளக்கறையில் புதன்கிழமை மதியம் பாடம் சொல்லித் தருகிறேன் இல்லையா, அங்கே லெஃப்தெரிஸ் ஐயா வைத்த ஒரு சட்டம் உண்டு. அவர் இருபத்தாறு வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர், இப்போது அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறார். உள்ளே வருகிற பிள்ளை பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும், போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். சுரங்கத்தில் போலவே, கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருப்பதாக அர்த்தம், கதவைப் பூட்டக் கூடாது. தாத்தா, நாங்க கணக்குதானே போடறோம், கரியா வெட்டறோம் என்று பிள்ளைகள் சீண்டுவார்கள். கணக்குல புதைஞ்சு போனவன்தாண்டா ஜாஸ்தி என்பார் அவர்.

நாற்பத்தேழாம் எண் நெர்மின். பதினாறு வயது, பல்கேரியாவிலிருந்து வந்த துருக்கியக் குடும்பம், மூன்று வருஷத்தில் இந்த ஊர் மொழியை என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறாள். ஜூனில் மொழி வகுப்பை முடித்தால் செப்டம்பரில் நர்சிங் பிரிவில் சேரலாம் என்று அவள் ஆசிரியை சொல்லியிருந்தார். குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே வந்தாள், ஜனவரியில் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தம்பிகள் படுக்கிற அறையில் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அவள் அம்மா காப்பி கொடுத்து, வெயில் வந்தா காஞ்சிரும் என்றாள். வாசல்வரை வந்த நெர்மின், அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க, வீட்டுக்காரர் கோவிச்சுக்குவார் என்றாள். சரி என்றேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கே வீட்டு ஆய்வு அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் வந்தால் வீட்டுக்காரரைச் சுவரைச் சரிசெய்ய வைப்பார்கள் என்று நினைத்தேன், மிலேனா. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வந்தார்கள், ஈரத்தை அளந்தார்கள், குடியிருக்கத் தகுதியில்லாத வீடு என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் காலி செய்ய வேண்டும். ஐந்து பேருக்கு வாடகை வீடு தேடி ஊரெல்லாம் போன் செய்தேன், அவர்களுடைய துருக்கியப் பெயரைச் சொன்னதுமே வீடு போயாச்சும்மா என்றார்கள். நகராட்சி வீட்டுக்கான வரிசையோ வருஷக்கணக்கு. கடைசிப் புதன்கிழமை நெர்மின் வந்தாள், வில்லையை எடுத்தாள், என் எதிரே உட்கார்ந்து, நீங்கதானே எழுதினீங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிழையில்லாம எழுதியிருப்பீங்க, என்றாள். அவ்வளவுதான். மீதிக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போட்டு முடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் பலகையைப் பார்த்தேன், கொக்கி காலி. மறுநாள் வீடும் காலி. ஜெர்மனியில், டூயிஸ்பர்க்கில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். போன் எண் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டேன், அவள் இங்கே வசிக்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

மூன்று புதன்கிழமை லெஃப்தெரிஸ் ஐயா கதவைப் பூட்டாமல் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் கூடவே இருந்தேன், நான் எழுதியதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று ஓர் உறை வந்தது, ஜெர்மன் தபால்தலை, உள்ளே வில்லை மட்டும். கடிதம் இல்லை, முகவரி இல்லை. பாத்தியாம்மா, பொண்ணு பத்திரமா மேல வந்துட்டா என்று சந்தோஷமாக அதைக் கொக்கியில் மாட்டினார், நேரத்தோடு கதவைப் பூட்டினார். நான் சாவியை வாங்கிக்கொண்டு நின்றேன். இனி அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு ஒரு வரி எழுதலாம் என்றாலும் எங்கே எழுதுவது.

உன் கட்டிலோரச் சுவரில் ஈரம் கசிகிறது என்று போன வாரம் சொன்னாய். போனை வைத்ததும் உன் வீட்டுக்காரம்மாவின் முகவரியைத் தேடி எடுத்து, பாதிக் கடிதம் எழுதியும்விட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, முதல்ல அவளைக் கேளு லொரெடானா என்றார். அதைக் கிழித்துப் போட்டேன். அதனால் கேட்கிறேன், நான் ஏதாவது செய்யட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம், நான் எதையும் எழுத மாட்டேன். அதுவரை கட்டிலைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள், பகலில் ஜன்னலைச் சற்றுத் திறந்து வை.

நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்ததைப் படித்து, நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீடூழி வாழ வேண்டும். அப்பாவின் முத்தங்களும் இதிலேயே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா லொரெடானா